நான்கு கிளாரினெட்டும் ஒரு மேளமும்: தோட்டப்புற இசையைக் குழுவிசையாக அமைத்தல் குறித்துச் சில கருத்துகள்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ், சிலியாவ், இலிங்கி, சுவா பெத்தோங் ஆகிய இடங்களைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களே பரந்து கிடந்தன. அத்தோட்டங்களில் குடியேறிய தமிழரின் வாழ்வுக்கு நடுநாயகமாக நின்றவை இரண்டு. ஒன்று கோயில்; மற்றொன்று பள்ளி. கோயிலுக்கு ஆண்டுதோறும் திருவிழா உண்டு. திருவிழாவுக்கு மேளம் உண்டு. நாதஸ்வரமும் தவிலும் வருவிக்க இயலாத சிறு தோட்டங்களிலும் உறுமியும் தப்பும் பெண்களின் கும்மியும் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், 1990களில் நீலாய், லாபு வட்டாரங்களில் தோட்டங்கள் நகரங்களாக மாறியதும் நாம் அனைவரும் அறிந்த வரலாறே. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். இடம் மாறிய பள்ளிகள் பல இன்றும் 'லாடாங்' என்னும் சொல்லைப் பெயரில் சுமந்து நிற்கின்றன, தோட்டத்தைத்தான் காணோம். கோயில்கள் சிலவற்றில் மேளம் ஒலிப்பதிவாகச் சுருங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் காண்கிறோம். அதே குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இடைநிலைப்பள்ளி வாத்தியக் குழுக்களில் சேர்ந்து கிளாரினெட் வாசிக்கின்றனர். மலாய்மொழி இத்தகைய குழுவைப் 'பஞ்சராகம்' என்று வழங்குவது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சொல் நம் பக்கத்திலிருந்து சென்றதுதான். ஆயினும் நம் இராகம் ஒன்றேனும் அக்குழுக்களின் ஏடுகளில் இடம்பெறுவது அரிது. அணிவகுப்பு இசையையும் நாட்டுப்பற்றுப் பாடல்களையும் பிழையின்றி வாசிக்கும் மாணவனுக்குத் தன் பாட்டி பாடிய காவடிச்சிந்தை வாசிக்க ஏடு கிடைப்பதில்லை. அத்தகைய ஏட்டை எவ்வாறு எழுதுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். கீர்த்தனை, சிந்து, திரைப்பாடல் ஆகிய மூவகை இசையையும் நான்கு கிளாரினெட்டுகளுக்கு அமைக்கும்போது எழும் சிக்கல்களை, நாம் முதலில் செய்த பிழையிலிருந்தே தொடங்கி விளக்க முற்படுகிறோம்.

முதல் முயற்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர், இலிங்கி ஆற்றுக்கு அண்மையில் உள்ள ஒரு தோட்டக் கோயிலின் திருவிழாவுக்காக நான்கு மாணவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' கீர்த்தனையை அமைத்துக் கொடுத்தோம். அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த நாளில் தேவாலயப் பாடல்களை நான்கு குரலுக்கு அமைக்கும் முறையை ஓரளவு கற்றிருந்தோம். அதையே இங்கும் கையாண்டோம். மேற்குரலில் பாட்டு, அதன் கீழே மூன்று குரல்களில் 'கார்டு' எனப்படும் சுரக்கூட்டுகள். மாணவர்கள் ஒழுங்காகவே வாசித்தனர். கோயில் மண்டபத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த முதிய நாதஸ்வரக் கலைஞர் ஒருவர், முடிந்ததும் பிள்ளைகளைப் பாராட்டிவிட்டு, அது என்ன பாட்டு என்று நம்மிடம் கேட்டார். தம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முறை அக்கீர்த்தனையை வாசித்தவர் அவர்.

அவருக்குக் காது மந்தம் இல்லை. பிழை நம்முடையது. ஆனால் எங்கே பிழை? ஹம்சத்வனியின் சுரங்கள் ஐந்தே: ஸட்ஜம், சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம். நாம் எழுதிய நான்கு குரல்களிலும் இவ்வைந்துக்குப் புறம்பான சுரம் ஒன்றுகூட இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய இவ்விராகம், மேலை முறையில் அமைப்போருக்கு ஆசை காட்டும் இராகம். ஸ-க-ப என்னும் கூட்டும் ப-நி-ரி என்னும் கூட்டும் அதற்குள்ளேயே கிடைக்கின்றன. ஆசை காட்டுவதுதான் இடர்.

கீழ்க்குரல் ஸட்ஜத்தைவிட்டுப் பஞ்சமத்துக்கு நகர்ந்தவுடன் செவி பஞ்சமத்தையே புதிய அடிநிலையாகக் கொள்கிறது. அந்நொடியில் நிஷாதம் ஸட்ஜத்தை நாடும் சுரமாக இராமல், பஞ்சமத்தின் மேல் அமர்ந்த காந்தாரம்போல் ஒலிக்கிறது. அதாவது இராகம் கணந்தோறும் இடம் மாறுகிறது. நம் இசையில் சுருதி மாறாது நிற்பதனால்தான் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு முகம் உண்டு. நிலம் நகர்ந்தால் முகம் மாறும். இரண்டாவதாக, நடுக்குரல்கள் அசையாத சுரங்களில் நிற்க, மேற்குரல் கமகத்துடன் அசைந்தால் இரண்டும் மோதும். மோதலைத் தவிர்க்க மாணவன் தானாகவே கமகத்தைக் கைவிட்டு வெற்றுச் சுரமாக வாசிக்கத் தொடங்குகிறான். நாம் அவனுக்கு அவ்வாறு சொல்லவில்லை. ஏடே அவ்வாறு சொல்லிற்று. மூன்றாவது, சிறியதாயினும் செவிக்கு உடனே புலப்படுவது: நால்வரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கியதால் ஒவ்வோர் அடியின் இறுதியிலும் சுருதி அறுந்தது.

வழி நிற்றல்

தமிழாசிரியர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைவூட்ட வேண்டியதில்லை. மாதவியின் அரங்கேற்றத்தில் கருவிகள் ஒலித்த ஒழுங்கை இளங்கோவடிகள் கூறுமிடத்தில், குழலைப் பின்பற்றி யாழும், அதனைத் தழுவித் தண்ணுமையும், தொடர்ந்து முழவும், அம்முழவுடன் இயைந்து ஆமந்திரிகையும் அமைந்தன என்று காட்டுகிறார். இங்கே கருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வழி நிற்கின்றன. ஒரே பண்ணை ஒவ்வொன்றும் தன் இயல்புக்கேற்பச் சொல்கிறது. இப்பகுதியைப் பழந்தமிழரின் குழுவிசை இலக்கணம் என்றே வகுத்துவிடுவது மிகையாகலாம். ஆயினும் குழுவாக இசைத்தல் என்பதற்குத் தமிழ்ச் செவி கொண்டிருந்த பொருள் அதில் தெளிவாகவே உள்ளது.

பெரிய மேளத்தின் அமைப்பும் இதுவே. முதல் நாதஸ்வரம் வழி நடத்தும். இரண்டாம் நாதஸ்வரம் அதைத் தொடரும்; சில இடங்களில் கூடவே வரும், சில இடங்களில் எளிய வடிவில் வரும், சில இடங்களில் ஓய்ந்து நிற்கும். ஒத்து ஸட்ஜத்தை மட்டும் இடையறாது ஊதும். தவில் காலத்தைக் காட்டும். நான்கு கிளாரினெட்டுகளை நான்கு குரல்களாக எண்ணியதே நமது முதற்பிழை என்று உணர்ந்தபின், அவற்றை ஒரு மேளமாக எண்ணி மீண்டும் எழுதினோம். முதலாமவர் பாட்டை வாசிப்பார். இரண்டாமவர் வழி நிற்பார். மூன்றாமவரும் நான்காமவரும் ஒத்துக்காரர்கள். ஒத்து ஊதுபவர் மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டே வாயால் ஊதும் பயிற்சி உடையவர். பதினாறு வயது மாணவனிடம் அதை எதிர்பார்க்க இயலாது. ஆகவே இருவர் முறை மாற்றி மூச்சு வாங்குமாறு ஏட்டிலேயே குறித்தோம். சுருதி அதன்பின் அறவில்லை.

இவ்விடத்தில் கிளாரினெட்டின் இயற்கையே நமக்குத் துணை செய்கிறது. அக்கருவியின் கீழ்ப்பகுதி ஒலியில் இரட்டைப்படை மேற்சுரங்கள் மிக மெலிந்தும், ஒற்றைப்படை மேற்சுரங்கள் வலுத்தும் இருக்கும். மூன்றாம் மேற்சுரம் என்பது அடிச்சுரத்துக்கு ஒரு ஸ்தாயிக்கு மேலுள்ள பஞ்சமமே. எனவே கீழ் ஸட்ஜத்தை மட்டும் ஊதினாலே பஞ்சமமும் அதனுள்ளிருந்து கேட்கிறது. பழைய இசைநூல்களின் சொற்களில் கூறுவதாயின், குரலை ஊத இளியும் உடன் வருகிறது. தனியே பஞ்சமம் சேர்க்க முதலில் ஒருவரை அமர்த்தியிருந்த நாம், பின்னர் அவரை விடுவித்துவிட்டோம்.

கருவி வந்த வழி

கிளாரினெட் நமக்கு அயற்கருவிதானே, அதில் ஏன் தமிழிசை என்னும் வினா கருத்தரங்குகளில் எழுவதுண்டு. 1700ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யோகான் கிறிஸ்தோப் டென்னர் என்பவர் உருவாக்கிய கருவி அது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) காலத்திலேயே மேலை வாத்தியக் குழு அரண்மனையில் இருந்தது. சதிர்க் கச்சேரியில் கிளாரினெட்டைப் புகுத்தியவர் தஞ்சை நட்டுவ மரபைச் சேர்ந்த மகாதேவ நட்டுவனார் என்பது மரபுச் செய்தி. பின்னர் முகவீணையின் இடத்தைக் கிளாரினெட் பெருமளவு பற்றிக்கொண்டது. பாலசரஸ்வதியின் (1918-1984) ஆடலரங்குகளிலும் அது ஒலித்தது. சென்னையில் நாதமுனி பேண்டு போன்ற குழுக்கள் ஊர்வலங்களிலும் திருமணங்களிலும் கீர்த்தனைகளை வாசித்துப் புகழ்பெற்றன. திருச்சியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராசன் (பிறப்பு 1931), கிளாரினெட் கலைஞரான தந்தையாரின் வழியில் வந்து, வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் முறையாகக் கற்று, இக்கருவியைத் தனிக் கச்சேரிக்கு உரியதாக்கினார். அவரைக் 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று அழைத்தவர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். இராஜரத்தினம் பிள்ளை. சென்னை மியூசிக் அகாதெமி 2008ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதை அவருக்கு வழங்கியது. 2022இல் இந்திய அரசின் பத்மஸ்ரீயும் கிடைத்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நம்மிடையே வாழும் ஒன்றை இன்னும் விருந்தாளி என்பது பொருந்தாது. வயலினை எவரும் அவ்வாறு சொல்வதில்லை.

சுருதியும் விரலும்

நாதஸ்வரத்துக்கும் கிளாரினெட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை அறியாமல் ஏடு எழுத முடியாது. நாதஸ்வரம் கூம்பு வடிவக் குழல். அழுத்தி ஊதினால் அதே விரல் அமைப்பு மேல் ஸ்தாயியில் அதே சுரத்தைத் தரும். கிளாரினெட் நேர்குழல், ஒரு முனை மூடியதுபோல் இயங்குவது. அதில் மேற்பகுதிக்குச் செல்லும் சாவியை இடக்கைப் பெருவிரலால் திறந்தால் கிடைப்பது ஒரு ஸ்தாயியும் அதன்மேல் ஒரு பஞ்சமமும் தள்ளிய சுரம். கீழே ஸட்ஜமாக இருந்த விரல் அமைப்பு மேலே பஞ்சமமாகிவிடுகிறது. எனவே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வேறு வேறு விரல் அமைப்பு. மேலும் இரு பகுதிகளுக்கும் இடையில், கழுத்துப் பகுதி என்று சொல்லத்தக்க சில சுரங்கள் ஒலி மெலிந்தவை. அவை துளைகளை விரலால் மூடித் திறப்பதால் அல்லாமல் சாவிகளால் பிறப்பவை. அரைத் துளை மூடி விரலை வழுக்கிக் கமகம் செய்ய அங்கே வழியில்லை. உதட்டாலேயே செய்ய வேண்டும்.

பள்ளிகளில் வழங்கும் பி-பிளாட் கிளாரினெட்டை எடுத்துக்கொள்வோம். முதிய கலைஞர் தம் நாதஸ்வரத்துடன் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க விரும்பினார். அவரது சுருதி இரண்டரைக் கட்டை. அதற்கிணங்க, கிளாரினெட் ஏட்டில் ஸட்ஜத்தை 'எஃப்' என்னும் இடத்தில் வைத்தோம். விளைவு யாது? சங்கராபரணத்தை வாசிக்கும்போது மத்திய ஸ்தாயியில் ரிஷபமும் காந்தாரமும் மத்திமமும் சரியாக அந்த மெலிந்த கழுத்துப் பகுதியில் வந்து விழுந்தன. மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்குச் செல்லும் ஒரு சிறு நடைக்கு, ஏறக்குறைய எல்லா விரல்களும் எழுந்திருக்கும் நிலையிலிருந்து எல்லா விரல்களும் மூடும் நிலைக்குத் தாவ வேண்டியிருந்தது. நம் இராகங்களில் மிகுதியாக அசையும் சுரங்கள் அவ்விடத்திலேயே இருக்க, கருவியின் மிக வலுவற்ற இடமும் அதுவேயாயிற்று. மாணவர்களைக் குறைகூறிப் பயனில்லை.

ஆகவே மாணவர் குழுவுக்கென்று அமைக்கையில் ஸட்ஜத்தை ஏட்டின் 'சி'யில் வைக்கிறோம். செவிக்கு அது ஆறரைக் கட்டையாகக் கேட்கும். இதனால் வரும் நன்மை தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு உவப்பாக இருக்கும். நம் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் ரெக்கார்டர் ஊதக் கற்கின்றனர். அந்த ரெக்கார்டரில் 'சி' முதல் மேலேறும் விரல் அமைப்பும், கிளாரினெட்டின் மேற்பகுதியில் 'சி' முதல் ஏறும் விரல் அமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. நான்காம் ஆண்டில் ரெக்கார்டரில் மாயாமாளவகௌளை சரளிவரிசையைக் கற்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் கிளாரினெட்டைக் கையிலெடுக்கும்போது அவ்விரல்களையே கொண்டு வருகிறது. எனவே முதற்கிளாரினெட்டின் மத்திய ஸ்தாயி முழுவதும் கருவியின் மிகத் தெளிந்த, துளைகளால் ஆன பகுதியில் அமைகிறது. தார ஸட்ஜத்துக்கு மேல் ஏறுவது மட்டும் கடினம். அங்கே வேறொரு பகுதி தொடங்குகிறது. தொடக்க நிலையினருக்கு அமைக்கும் பாட்டைத் தெரிவு செய்யும்போது அதை மனத்தில் கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் கிளாரினெட் ஒரு ஸ்தாயி கீழே வழி நிற்கும். அதற்கு ஸட்ஜம் முதல் மத்திமம் வரை நல்ல ஒலி. பஞ்சமம் தொட்டு மேலே மெலிவு. ஆகவே பாட்டு பூர்வாங்கத்தில் உலவும்போது இரண்டாமவர் கூடவே வருவார். உத்தராங்கத்துக்கு ஏறியதும் அவர் கீழ்ப் பஞ்சமத்திலோ ஸட்ஜத்திலோ நின்றுவிடுவார். இது கருவியின் குறைக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் மேளத்தில் இரண்டாம் நாதஸ்வரம் உச்சச் சஞ்சாரங்களில் முதலாமவரைத் தனியே விட்டு ஒதுங்கும் வழக்கத்தை அது ஒத்திருந்தது. அந்த ஒற்றுமையை நாம் திட்டமிட்டதாகச் சொல்லிக்கொள்ள மனமில்லை.

தோடியைப் போன்ற இராகங்களை இக்குழுவுக்கு எழுதலாமா என்று கேட்போர் உளர். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைவதே அதன் உரு. இருவர் சேர்ந்து அதே அசைவை அதே வேகத்தில் வாசிப்பது தேர்ந்த கலைஞர்க்கே அரிது. அத்தகைய இடங்களில் நாம் எதையும் எழுதுவதில்லை. ஒருவர் வாசிக்க, மூவர் சுருதி பிடிக்கலாம். ஏட்டில் வெற்றிடம் விடுவதும் அமைத்தலின் ஒரு பகுதியே.

சிந்தும் கும்மியும்

தோட்டப்புற இசைக்கு வருவோம். நம் கோயில்களில் தைப்பூசம் தொட்டு ஆடித் திருவிழா வரை ஒலிக்கும் காவடிச்சிந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்ணாமலை ரெட்டியாரால் இலக்கியத் தகுதி பெற்ற வடிவம். அதற்கு உரித்தாக வழங்கும் செஞ்சுருட்டி இராகத்தின் இயக்கம் மந்திர பஞ்சமத்துக்கும் மத்திய நிஷாதத்துக்கும் இடையே அடங்கிவிடுகிறது. தார ஸட்ஜத்துக்குச் செல்வதே இல்லை. மேலே கூறிய சுருதி அமைப்பில் இது கிளாரினெட்டுக்கென்றே அளந்து தைத்ததுபோல் பொருந்துகிறது. மும்மை நடையை எடுத்துக்காட்ட மூன்றாம் கிளாரினெட்டுக்கு ஒத்து வேலையுடன் மற்றொரு வேலையும் தந்தோம். சிந்தின் இயைபுத் தொடைகள் விழும் இடங்களில் மட்டும் அவர் கீழ் ஸட்ஜத்தை நாவால் தட்டித் துண்டுதுண்டாக வாசிப்பார். யாப்பு கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைக் கவனித்தல் நன்று. சிந்தின் சீர் அமைப்பைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது விளங்காத மாணவனுக்கு, எங்கே தட்டுவது என்று கேட்டவுடன் விளங்கிவிடுகிறது.

கும்மியில் ஒருவர் முன்பாட, மற்றவர் பின்பாடுவர். இங்கு மட்டும் மேள அமைப்பை மாற்றி, ஒருவர் வாசிக்க மூவரும் ஒரே சுரத்தில் மறுமொழி கூறுமாறு எழுதினோம். கையொலிக்குப் பார்வையாளரே போதும்.

ஒப்பாரியை அமைத்துத் தருமாறும் ஒருமுறை கேட்டனர். மறுத்துவிட்டோம். ஒப்பாரியில் சொல்லும் அழுகையும் பிரியா. சொல்லை நீக்கிக் குழலுக்கு எழுதினால் எஞ்சுவது ஒரு மெட்டு. அம்மெட்டு அந்தத் தாயினுடையதன்று.

திரையிசை

இதுகாறும் சுரக்கூட்டைப் பழித்துவிட்டுத் திரைப்பாடலுக்கு வரும்போது நாம் நிலை மாறுவதாகத் தோன்றலாம். தோட்டத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலத்திலிருந்து திரைப்பாடல் தோட்டத்து இசையே. அதைத் தவிர்ப்பது போலித்தனம். ஆனால் அதன் அமைப்பு வேறு. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாடலை நினைத்தாலே கித்தாரின் சிதறிய சுரக்கூட்டுகள் மெட்டுடன் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. இளையராஜா அவற்றை மெட்டுக்குப் பின்னர் ஒட்டவில்லை, அவையும் பாட்டே. இங்கே ஒத்து ஊதினால் அதுதான் பிழை. கித்தார் பகுதியை மூன்றாம் கிளாரினெட்டின் கீழ்ப்பகுதிக்குத் தரலாம். விரைந்து ஏறி இறங்கும் சிதறல் நடை அப்பகுதியில் இயல்பாக ஒலிக்கும். நான்காமவர் அடிச்சுரத்தைப் பிடிப்பார். பேஸ் கிளாரினெட் இருந்தால் இன்னும் நன்று. ஆயினும் விலைமிக்க அக்கருவியை எல்லாப் பள்ளியிலும் எதிர்பார்க்க முடியாது. எனவே நான்கும் பி-பிளாட் கருவிகளாகவே கொண்டு எழுதுவதை நாம் வழக்கமாக்கிக்கொண்டோம். கீர்த்தனைகள் பொதுவுடைமையானவை, திரைப்பாடல்கள் அவ்வாறல்ல. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு படைப்பைத் தழுவி அமைக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே உரியது. ஏட்டைப் படியெடுத்துப் பரப்பு முன் இசைவு பெறல் வேண்டும். நம் பள்ளிகள் இதைப் பொருட்படுத்துவதில்லை.

இரு முறைகளும் ஒரே ஏட்டில் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. அது தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். மேலை மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு அவர் வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். 'சந்ததம் பாஹிமாம்' என்பது இங்கிலாந்தின் நாட்டுப்பண் மெட்டிலேயே அமைந்தது. பிற்காலத்தில் முத்தையா பாகவதர் இயற்றி மதுரை மணி ஐயர் பரப்பிய 'இங்கிலீஷ் நோட்டு'ம் இவ்வழி வந்ததே. கமகமற்ற சங்கராபரணச் சுரங்களால் ஆன இவற்றை நான்கு குரலில் அமைத்தாலும் கெடுவதில்லை. புதிதாகச் சேர்ந்த மாணவர்க்கு இவற்றையே முதலில் தருகிறோம்.

ஏட்டில் எழுதுதல்

மேலை முறையில் நம் இசையை எழுதும் முயற்சி புதியதன்று. ஏ.எம். சின்னசாமி முதலியார் 1893இல் 'மேலை இசைக் குறிப்பில் கீழை இசை' என்று பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்தது. அதில் சுரங்களின் மேல் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகள் இடப்பட்டுள்ளன. முன்னதன் கோடுகளும் பின்னதன் குறிகளும் சேர்ந்தால் நமக்கு வேண்டிய ஏடு கிடைக்கும். ஐந்து கோடுகளில் சுரத்தை எழுதி, கீழே தமிழில் ஸ, ரி, க என்றும் இட்டு, மேலே கம்பிதத்துக்கு அலைக்கோடும் ஏற்ற ஜாரு, இறக்க ஜாருக்களுக்குச் சாய்கோடுகளும் மட்டும் குறிக்கிறோம். பத்துக்கு மேற்பட்ட கமகங்களையும் குறித்தால் மாணவன் குறிகளையே பார்த்துக்கொண்டிருப்பான், பாட்டு நின்றுவிடும். ஆறரைக் கட்டையில் ஸட்ஜமே 'சி' ஆதலால், சங்கராபரணத்துக்கு மேலைக் குறிகள் எவையும் தேவைப்படாது ஏடு தூய்மையாக நிற்கிறது.

ஏட்டால் மட்டும் வருவதன்று கமகம். ஒவ்வோர் அடியையும் மாணவர் முதலில் வாயால் பாட வேண்டும் என்று முதிய கலைஞர் வற்புறுத்தினார். வாத்தியக் குழுவில் பாடிப் பழகாத பிள்ளைகள் நாணினர். இரு வாரம் கழித்து அவர் பாட, அவர்கள் பாட, பின்னர் கருவியை எடுத்தனர். அலைக்கோடு எதைக் குறிக்கிறது என்று அதன்பின் நாம் விளக்க நேரவில்லை.

மாற்றி எழுதிய 'வாதாபி கணபதிம்' மறு ஆண்டுத் திருவிழாவில் அதே மண்டபத்தில் ஒலித்தது. முதலாமவர் பாட்டை எடுத்தார். இருவர் சுருதி பிடித்தனர். இரண்டாமவர் அனுபல்லவியில்தான் சேர்ந்தார். பெரியவர் இம்முறை எதுவும் கேட்கவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கோயிலின் நிலத்துக்கு மாற்றிடம் குறித்த பேச்சு அப்போதே தொடங்கியிருந்தது. அந்நால்வருள் நான்காம் கிளாரினெட் வாசித்த மாணவரின் குடும்பம் ஜொகூருக்குச் சென்றுவிட்டது. எஞ்சிய மூவருக்காக அவ்வேட்டை மீண்டும் திருத்தி, நான்காமவர் பகுதியை மின்சுருதிப் பெட்டிக்குத் தந்துள்ளோம். பெட்டிக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. ஆயினும் மூன்றாமவர் தாம் மூச்சு வாங்கும் இடங்களை இன்னும் பழைய ஏட்டின்படியே வைத்திருக்கிறார்.